சீமைக் கத்தி, உள்ளூர் உக்கு

சென்னையில் காய்கறிக் கடைக்காரரிடம் ‘பெங்களூர் கத்திரிக்காய்’ கேட்டால் சௌசௌவை எடுத்துத் தராசில் வைப்பார். அதே பெயரை பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் சொன்னால் கடைக்காரர் முழிப்பார். அங்கே அது ‘சீமெ பதனெகாயி’. அதாவது சீமைக் கத்திரிக்காய். நாம் அதை பெங்களூருக்காரன் என்று சொல்ல, பெங்களூரு அதைக் கடல் கடந்து வந்த விருந்தாளி என்று கைகழுவிவிட்டது. பெங்களூரு சொல்வதுதான் சரி. அதன் பூர்வீகம் மெக்சிகோ பக்கம்.

ஒரு கத்தியின் யோக்கியதையைத் தெரிந்துகொள்ள இந்தக் காய் ஒன்று போதும். தோல் வழுக்கும். நடுவே பள்ளமும் மேடும் உண்டு. மழுங்கிய கத்தியை வைத்து அழுத்தினால், காய்க்குள் இறங்காமல் விரல் பக்கம் நழுவும். நறுக்கிய இடத்தில் கசியும் பால், விரலில் காய்ந்து இன்னொரு தோல்போல ஒட்டிக்கொள்ளும். நல்ல கூர் இருந்தால் இந்த வம்பெல்லாம் இல்லை. கத்தியின் எடையே பாதி வேலையைச் செய்துவிடும்.

இப்போது பெங்களூரு அடுக்களைகளுக்கு இன்னொரு சீமைச் சரக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கையால் அடித்த ஜப்பான் கத்தி. அலுவலக வேலையாக டோக்கியோ, ஒசாகா போய் வருகிறவர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். இணையத்தில் பார்த்து வரவழைக்கிறவர்களும் உண்டு. மார்க்கெட்டில் இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாமானுக்குப் பல ஆயிரம் கொடுப்பதா என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடிப் போனால் வழி ஜப்பானில் முடிவதில்லை. சுற்றிக்கொண்டு மைசூர் ரோட்டுக்கே திரும்பி வருகிறது.

முதலில் கத்தியைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். வீட்டுச் சமையலுக்கு ஜப்பானியர்கள் பெரும்பாலும் வைத்திருப்பது ‘சாந்தோக்கு’. ‘மூன்று நற்குணம்’ என்று பொருள். அலகின் நீளம் 165 முதல் 180 மில்லிமீட்டர் வரை. பழைய ஜப்பானிய வீடுகளில் காய்கறிக்கென்று ‘நக்கிரி’ என்ற ஒரு கத்தி இருந்தது. சதுர முகம், நேரான வாய், பார்க்க ஒரு குட்டி வெட்டுக்கத்தி மாதிரி. பௌத்தத்தின் செல்வாக்கால் நூற்றாண்டுகளாகக் கால்நடை இறைச்சியை ஒதுக்கி வைத்திருந்த நாடு அது. 1872இல் பேரரசர் மெய்ஜி வெளிப்படையாக மாட்டிறைச்சி சாப்பிட்டது அன்றைக்குப் பெரிய செய்தி. அதன்பின் மேல்நாட்டுக் கத்தியைப் பார்த்து ‘க்யூட்டோ’ என்ற இறைச்சிக் கத்தி பிறந்தது. நக்கிரிக்கும் க்யூட்டோவுக்கும் நடுவே, சின்ன வீட்டுக்கு ஒரே கத்தி போதும் என்று இருபதாம் நூற்றாண்டில் உருவானதுதான் சாந்தோக்கு. ‘பாரம்பரிய ஜப்பான் கத்தி’ என்று விளம்பரங்கள் மெச்சும் இதற்கு வயது அவ்வளவு அதிகமில்லை. சைவச் சமையல்காரருக்கு நக்கிரியே பொருத்தம் என்பது இந்தக் கட்டுரையின் கட்சி. அதன் நேரான வாய் பலகையில் முழுசாகப் படியும். பீன்ஸ் நறுக்கும்போது பாதி துண்டுகள் மாலைபோலத் தொங்கிக்கொண்டு வராது.

கூருக்குக் காரணம் இரண்டு: கடினமும் கோணமும். எஃகின் கடினத்தை ராக்வெல் என்ற அளவுகோலில் சொல்வார்கள். ஐரோப்பிய வீட்டுக் கத்திகள் அதில் ஐம்பதுகளின் நடுவிலும் அதற்குச் சற்று மேலும் நிற்கும். நல்ல ஜப்பான் கத்தி 60ஐத் தாண்டும். சில 64 வரை போகும். கடினமான எஃகுதான் மெல்லிய வாயைத் தாங்கும். ஐரோப்பியக் கத்தியைப் பக்கத்துக்கு 20 பாகை அளவில் தீட்டுவது வழக்கம் என்றால், இதை 15 பாகைக்கும் கீழே இறக்கலாம். மெல்லிய வாய் காயைப் பிளந்து தள்ளாமல் ஊடுருவிப் போகிறது. வெங்காயம் நறுக்குகிறவர்களுக்கு வித்தியாசம் உடனே தெரியும். 2025இல் வெளியான கார்னெல் பல்கலைக்கழக ஆய்வொன்று, மழுங்கிய கத்தியும் அவசர வெட்டும் வெங்காயச் சாற்றை அதிகத் துளிகளாக, அதிக வேகத்தில் தெறிக்க வைக்கின்றன என்று படமெடுத்துக் காட்டியது. மருமகள் அழுவதற்கு மாமியார் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை.

கடினத்துக்கு ஒரு விலையும் உண்டு. வளையாது, உடையும். அதைப் பிறகு பார்ப்போம்.

ஒரு கத்திக்கு மூன்று பட்டறை

ஒசாகா நகரத்துக்குத் தெற்கே சக்காய் என்ற துறைமுக ஊர். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் ஜப்பானுக்குப் புகையிலையைக் கொண்டுவந்தார்கள். அந்த இலையை மயிரிழையாக நறுக்கக் கத்தி தேவைப்பட்டது. சக்காய் கொல்லர்கள் அதில் பெயர் வாங்கினார்கள். தொகுகாவா அரசு அவர்களுடைய கத்திக்குத் தர முத்திரையே கொடுத்தது. ஜப்பானின் தொழில்முறைச் சமையல்காரர்கள் கையில் இருக்கும் கத்திகளில் பெரும்பகுதி இன்றும் இந்த ஊர்ச் சரக்குதான். சக்காயில் ஒரு கத்தியை ஒரே ஆள் செய்து முடிப்பதில்லை. அடிப்பவர் ஒரு பட்டறை. சாணை பிடித்து வாய் கட்டுபவர் வேறு பட்டறை. பிடி போடுபவர் மூன்றாவது இடம். பிடிக்கு மக்னோலியா மரம். கழுத்தில் எருமைக் கொம்பு வளையம்.

ஃபுகுயி மாகாணத்தில் எச்சிசென் பகுதிக்கு இன்னும் பழைய கதை. 1337இல் கியோத்தோவிலிருந்து வாள் அடிக்கும் கொல்லர் ஒருவர் நல்ல தண்ணீர் தேடி அங்கே வந்து தங்கி, அக்கம்பக்கத்து உழவர்களுக்கு அரிவாள் அடித்துக் கொடுத்தார் என்கிறது ஊர் வரலாறு. வாளுக்கும் அரிவாளுக்கும் ஒரே உலை. 1876இல் பொது இடத்தில் வாள் தரிப்பதை மெய்ஜி அரசு தடை செய்தபோது நாடெங்கும் வாள் கொல்லர்கள் பிழைப்பு இழந்தார்கள். பலர் சமையல் கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் மாறினார்கள். 1979இல் எச்சிசென் கத்தித் தொழிலையும், 1982இல் சக்காய்த் தொழிலையும் அரசு மரபுக் கைத்தொழிலாக அறிவித்தது. 1993இல் எச்சிசென் கொல்லர்கள் பலர் சேர்ந்து ஒரே கூரையின் கீழ் பொதுப் பட்டறை கட்டினார்கள். வருகிறவர்கள் மேலே நின்று, கீழே அடிப்பதைப் பார்க்கலாம்.

‘கையால் அடித்தது’ என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். சம்மட்டியை ஓங்கி அடிக்கும் உதவியாளர் இடத்தில் இயந்திரச் சுத்தியல் வந்து பல தலைமுறை ஆகிவிட்டது. ஆனால் இரும்பை எப்போது உலையிலிருந்து எடுப்பது, எங்கே அடி விழ வேண்டும், எந்த நிறத்தில் தண்ணீரில் முக்குவது ஆகியவை கண்ணும் கையும் தீர்மானிப்பவை. நம் கொல்லர் மொழியில் துவைச்சல் என்பார்களே, அதுதான் உயிர்நாடி. செக்கச்செவேலென்று சூடான அலகைச் சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்கி, மறுபடி 150–200 பாகை செல்சியசில் மெல்லச் சூடுகாட்டி அதன் முரட்டுத்தனத்தைத் தணிப்பார்கள். எச்சிசெனில் ஒரு வேடிக்கையான உத்தி உண்டு. இரண்டு அலகுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒரே சுத்தியலடியில் தட்டுவார்கள். மெல்லிய தகடு தனியாக இருந்தால் சீக்கிரம் ஆறிவிடும். ஜோடியாக இருந்தால் சூடு நிற்கும்.

பெரும்பாலான கத்திகள் சாண்ட்விச் மாதிரி. நடுவில் கடின எஃகு, இருபுறமும் மென்மையான இரும்பு. நடு எஃகுக்குப் பல பெயர்கள் உண்டு: வெள்ளைக் காகிதம், நீலக் காகிதம். ஏதோ கவித்துவம் என்று நினைக்க வேண்டாம். ஆலையில் எஃகைச் சுற்றி ஒட்டிய காகிதத்தின் நிறம் அது. வெள்ளைக் காகிதம் என்பது கலப்பு அதிகமில்லாத கரி எஃகு. அதில் 1 சதவீதத்துக்குச் சற்று மேல் கரி. நீலத்தில் டங்ஸ்டனும் குரோமியமும் சேர்த்திருப்பார்கள். இரண்டும் துருப்பிடிக்கும். துரு வேண்டாம் என்பவர்களுக்கு விஜி-10 போன்ற துருவேறா எஃகு இருக்கிறது.

ஒரு சதவீதம் கரி என்ற அந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

மைசூர் ரோட்டின் பழைய தொழில்

1799இல் திப்பு வீழ்ந்தார். அடுத்த ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆணைப்படி பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர் சென்னையிலிருந்து கிளம்பி மைசூர் சீமை முழுக்கச் சுற்றினார். என்ன விளைகிறது, என்ன செய்கிறார்கள், என்ன விலை என்று ஊர் ஊராகக் குறித்துக்கொண்டார். பெங்களூருக்கு மேற்கே மாகடிப் பக்கம் இரும்பு உருக்குவதைப் பார்த்தார். வடமேற்கே மதுகிரி, சின்னராயணதுர்க்கா பக்கம் அவர் கண்டது எஃகு உலை. கைப்பிடி அளவு மண் மூசைக்குள் இரும்புத் துண்டைப் போட்டு, கூடவே ஆவாரஞ்செடிக் குச்சியும் பச்சை இலையும் வைத்து, வாயை மண்ணால் பூசி அடைத்து, துருத்தி ஊதி மணிக்கணக்கில் எரித்தார்கள். மூசையை உடைத்தால் உள்ளே சின்ன எஃகு உருண்டை. குச்சியிலும் இலையிலும் இருந்த கரி இரும்புக்குள் போய்விட்டிருக்கும். 1 முதல் 2 சதவீதம் வரை. இன்றைய வெள்ளைக் காகித எஃகின் கரி அளவும் இந்த எல்லைக்குள்தான் வருகிறது.

கன்னடத்தில் அதற்குப் பெயர் உக்கு. தமிழில் உருக்கு. இந்த உக்கு ஆங்கிலேயர் காதிலும் எழுத்திலும் சிதைந்து ‘வூட்ஸ்’ ஆனது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். பம்பாயிலிருந்து டாக்டர் ஹெலினஸ் ஸ்காட் அனுப்பிய மாதிரிகளை வைத்து ஜார்ஜ் பியர்சன் 1795இல் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தார். லண்டனில் கத்திக் கடை வைத்திருந்த ஜேம்ஸ் ஸ்டோடர்ட், ஐரோப்பாவின் எந்த எஃகையும்விட இந்த இந்திய எஃகே தமக்கு உகந்தது என்று கடை அட்டையிலேயே அச்சடித்திருந்தார். அவருடன் சேர்ந்து 1820 வாக்கில் இந்த எஃகின் ரகசியத்தைத் துருவிய இளைஞர் ஒரு கொல்லரின் மகன்: மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்துக்குப் போகும் முன் அவர் கைவைத்தது நம் ஊர் உக்கில்.

பெங்களூரிலிருந்து மைசூர் போகும் சாலையில் சன்னப்பட்டணா இன்று மரப்பொம்மைக்குப் பெயர்போனது. முன்பு அங்கே இழுத்த எஃகுக் கம்பி, இசைக்கருவித் தந்தியாகத் தொலைதூர ஊர்களுக்கெல்லாம் போனது. பொம்மையிலும் ஒரு ஜப்பான் வாசம் உண்டு: ஜப்பானியப் பொம்மை முறைகளைப் படித்து இங்கே புகுத்தியவர் பாவாஸ் மியான் என்று அந்த ஊரில் சொல்வார்கள். அதே சாலையில் சன்னப்பட்டணாவுக்கு முன்னால் வருவது பிடதி. அங்கே 1990களின் இறுதியிலிருந்து டொயோட்டா கார் ஆலை. பெங்களூருக்கு ஜப்பானியக் குடும்பங்கள் வந்து குடியேறியதில் அந்த ஆலைக்குப் பெரிய பங்கு. எஃகுத் தந்தி போன பாதையிலேயே ஜப்பான் திரும்பி வந்தது தற்செயல்தான். ஆனாலும் ரசிக்கத்தக்க தற்செயல்.

உக்கின் கதையை மறதியிலிருந்து மீட்டதிலும் பெங்களூருக்குக் கை உண்டு. இந்திய அறிவியல் கழகத்தின் உலோகவியல் பேராசிரியர் எஸ். ரங்கநாதனும், தேசிய உயராய்வு நிறுவனத்தின் சாரதா சீனிவாசனும் சேர்ந்து 2004இல் வூட்ஸ் எஃகு பற்றிய நூலை வெளியிட்டார்கள். பழைய தென்னாற்காட்டு மாவட்டத்து மேல்சிறுவலூரில் மூசை எஃகு செய்த இடத்தை 1990களில் அடையாளம் காட்டியவர் சாரதா சீனிவாசன். கொங்கு நாட்டுக் கொடுமணலிலும் எஃகுத் தொழிலின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன.

வாங்குபவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. இணையத்தில் ‘டமாஸ்கஸ்’ என்று அலையலையாகக் கோலம் போட்ட கத்தி விற்கிறார்கள். பழைய டமாஸ்கஸ் வாளின் அலை, வூட்ஸ் எஃகுக்குள்ளேயே கார்பைடு துகள்கள் வரிசை கட்டுவதால் எழுவது. எஃகில் கடுகளவு கலந்திருந்த வனேடியம் போன்ற கலப்புகளே அந்த வரிசைக்குக் காரணம் என்று 1990களில் அமெரிக்கப் பேராசிரியர் வெர்ஹோவனும், லாடம் அடிக்கும் கொல்லர் பெண்ட்ரேயும் செய்து காட்டினார்கள். இன்றைய ஜப்பான் கத்தியில் தெரியும் அலையோ வெளிப்போர்வையின் அடுக்கு. அது அழகுக்குத்தான்; வெட்டுவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மலிவுச் சரக்கில் அந்த அடுக்குகூடக் கிடையாது. லேசரால் கீறிய படம்.

நம் மூசைகள் ஏன் அணைந்தன? கரிக்கான காடு கைவிட்டுப் போனது. கப்பலில் வந்த ஆலை இரும்பு மலிவாக இறங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் உலைகள் அநேகமாக முடிந்தன. வாள் போனபோது ஜப்பான் கொல்லருக்குச் சமையலறை வாசல் திறந்தது. அங்கே வாங்க ஆள் இருந்தது, தீட்டிக் கொடுக்க ஆள் இருந்தது, கத்தியைப் பற்றி நுணுக்கமாகக் குறைசொல்லும் சமையல்காரர் இருந்தார். நமக்கு அறுந்தது அந்தச் சங்கிலி. இன்றும் பீண்யா தொழிற்பேட்டையில் மைக்ரான் கணக்கில் எஃகைச் சீவுகிறார்கள். அதே ஊரில் வெங்காயம் நறுக்கக் கத்தி கப்பலில் வருகிறது.

மணை நிற்கும், கத்தி நடக்கும்

நம் வீடுகளில் முன்பு கத்தி இரண்டாம்பட்சம்தான். ராஜாங்கம் அரிவாள்மணைக்கு. கன்னடத்தில் ஈளிகெ மணெ, தெலுங்கில் கத்திபீட்ட. அலகு அசையாமல் நிற்க, காய் அதன்மேல் போகும். இரண்டு கையும் காயைப் பிடித்திருப்பதால் பலம் முழுக்க இறங்கும். அலகு கொஞ்சம் மழுங்கினாலும் வேலை நடக்கும். அதனால் அடிக்கடி தீட்டும் பழக்கம் நமக்கு வரவில்லை. மேடை அடுப்பும் நின்று சமைப்பதும் வந்தபோது மணை பரணுக்குப் போனது. கையில் கத்தி வந்தது. தீட்டும் பழக்கம் மட்டும் வராமலே நின்றுவிட்டது. நம் அடுக்களையின் நிஜமான கோளாறு இங்கே இருக்கிறது.

பல ஆயிரம் கொடுத்து ஜப்பான் கத்தி வாங்குகிறவர் அதை எங்கே வைத்து நறுக்குவார்? பெங்களூரு அடுக்குமாடி வீடு என்றால் கறுப்பு கிரானைட் மேடை. அதில் நேராக வைத்து நறுக்கினால் முதல் வாரத்திலேயே கூர் போய்விடும். கண்ணாடிப் பலகையும் அப்படியே. மரப்பலகை வேண்டும்.

தேங்காய் உடைப்பதும் ஓட்டிலிருந்து சில்லு நெம்புவதும் கூடவே கூடாது. மெல்லிய வாயில் அரைநிலா வடிவில் சில்லு தெறிக்கும். எலும்பு, உறைந்த இறைச்சி, கருணைக்கிழங்கின் தடித்த தோல், முழுப் பரங்கி ஆகியவற்றுக்கு உள்ளூர் வெட்டுக்கத்தியே ராஜா. பலாப்பழத்துக்கு எண்ணெய் தடவிய பழைய கத்தி போதும். புளிப்பு மாங்காயும் எலுமிச்சையும் கரி எஃகைக் கறுக்கச் செய்யும். நறுக்கியவுடன் துடைத்தால் அது சாம்பல் நீலப் படலமாகப் படிந்து, துருவைக் கொஞ்சம் தடுக்கவும் செய்யும். ஈரத்தோடு தொட்டியில் போட்டால் ஒரு மணி நேரத்தில் செந்துரு. வேலைக்கு உதவி செய்ய வருகிறவரிடம் இதைச் சொல்லிவைக்காமல் வாங்குவது வீண்.

இவ்வளவு கட்டுப்பாட்டுக்கும் என்ன கிடைக்கிறது? கோசம்பரிக்கு வெள்ளரிக்காய் நறுக்கும்போது தெரியும். துண்டுகள் தண்ணீர் விடாமல் மொறுமொறுவென்று நிற்கும். கட்டுக்கட்டாக வரும் சொப்பை, அதாவது கீரையை, நசுக்காமல் இழைக்கலாம். பீன்ஸ் பல்யாவுக்கு, அதாவது பொரியலுக்கு, பொடியாக நறுக்கும் நேரம் பாதியாகக் குறையும். ஜனவரியில் அவரைக்காய்க் காலம் வந்தால் மட்டும் எந்தக் கத்திக்கும் வேலை இல்லை. ஊறவைத்த பருப்பை இரண்டு விரலால் பிதுக்கித் தோலை நீக்குவதற்கு எந்தக் கொல்லரும் கருவி செய்ததில்லை.

அடுத்து தீட்டுவது. தெருவில் சைக்கிள் மிதித்துச் சக்கரம் சுழற்றிச் சாணை பிடிப்பவர் இப்போது அபூர்வம். கன்னடத்திலும் அது சாணெதான். அரிவாள்மணைக்கும் வெட்டுக்கத்திக்கும் அவர் கைவரிசை அருமை. ஆனால் ஜப்பான் கத்தியைச் சுழலும் கல்லில் கொடுக்கக் கூடாது. பொறி பறக்கிறதே, அந்தச் சூடு மெல்லிய வாயில் 200 பாகையைச் சுலபமாகத் தாண்டும். கொல்லர் போட்ட துவைச்சல் கழன்றுவிடும். அதற்கு வேண்டியது தண்ணீர்க்கல். ஆயிரம் எண் கொண்ட ஒரு கல் வீட்டுக்குப் போதும். மெருகு வேண்டுமானால் மூவாயிரம். பல கற்களைப் பத்து, பதினைந்து நிமிடம் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். குமிழ் வருவது நின்றதும் தொடங்கலாம். கோணம் மாறாமல் ஒரு பக்கம் தேய்த்து, மறுபக்கத்தில் பிசிர் எழும்புவதை விரலால் உணர்ந்து, பிறகு திருப்ப வேண்டும். முதல் நாள் யாருக்கும் வராது.

அதனால் வாங்கும் வரிசையை மாற்றச் சொல்லலாம். முதலில் கல்லை வாங்குங்கள். மார்க்கெட்டில் வாங்கிய இருநூறு ரூபாய் கத்தியில் இரண்டு மாதம் பழகுங்கள். அந்தக் கத்தி சௌசௌவின் தோலில் நழுவாமல் இறங்கும் நாள் வந்தால், நக்கிரிக்குப் பணம் எடுத்து வைக்கலாம். வராவிட்டால் பல ஆயிரம் மிச்சம். தீட்டாத ஜப்பான் கத்தியைவிட, தீட்டிய உள்ளூர்க் கத்தி நன்றாக நறுக்கும். கத்தி விற்கும் கடைக்காரருக்கு இது பிடிக்காது.

ஜப்பானில் நவம்பர் 8 கொல்லர்களின் துருத்தித் திருநாள். செக்கி நகரக் கத்தித் தொழிலாளர்கள் அதே தேதியைக் கத்தி நாளாகக் கொண்டாடுகிறார்கள். தேய்ந்து ஓய்ந்த கத்திகளுக்கு நன்றி சொல்லிச் சடங்கு செய்வதும் அங்கே உண்டு. பெங்களூரில் அந்த வேலையை ஆயுத பூஜை செய்கிறது. மல்லேஸ்வரத்திலோ அல்சூரிலோ ஒரு வீட்டில் பரணிலிருந்து இறங்கிய அரிவாள்மணையும், துருவியும், காரின் சாவியும், புதிதாக வந்த நக்கிரியும் ஒரே மணையில் சந்தனப் பொட்டோடு அமர்ந்திருக்கலாம். பூஜையில் வைத்ததை விஜயதசமி வரை எடுக்கக் கூடாது என்பது வழக்கம். கரி எஃகுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஈரச் சந்தனம் ராத்திரி முழுக்க இருந்தால், காலையில் பொட்டு வைத்த இடத்தில் அதே அளவில் துருப்பொட்டு இருக்கும். பிடியில் வைத்துவிட்டால் தப்பிக்கலாம்.